மாறும் மழையும் புழுதி விதைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிகாலத்தில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாற்றையே ஆறு என வழங்கி வருகின்றோம். ஊர்தோறும் உள்ள குளங்களும் மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றுவன. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிணற்று நீர் உதவுகின்றது. வயல்களுக்கோ வானத்து நீரன்றி வேறு கதியில்லை. ஆதலால் எமது நெற்செய்கை ஆண்டுக்கு ஒருமுறை, காலபோகத்தில் மாத்திரம், மழையை நம்பி நடைபெறுவதாகும். இதனையே மானாவாரிச் செய்கை என்பர்.

ஆண்டுக்கு ஒரே போகம் என்பதன் பொருளை நாம் நன்கு சிந்தித்தல் வேண்டும். இரு போகம் செய்வோன் ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் ஈடுசெய்யலாம். ஒரு போகமே உடையவன் இழந்தால், அவ்விழப்பு அடுத்த மாரிவரை அவனைத் தொடரும். பத்துப் பரப்போ பதினாறு பரப்போ வயலுடைய சிறு கமக்காரனுக்கு அது வீட்டுச் சோற்றையும், மறு ஆண்டின் விதைநெல்லையும், பிள்ளைகளின் படிப்பையும் ஒருங்கே தாக்குவதாகும். இக்கல்லூரியிற் பயின்று உயர்நிலை எய்தியோருட் பலர் அத்தகைய வயல்களின் விளைவால் வளர்க்கப்பட்டவர்களே. எனவே, மழையின் போக்கு மாறிவரும் இந்நாளில் அக்கமக்காரன் விதைப்புக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றான், இன்னும் எவ்வாறு செய்தல் நலம் என்பதை ஆராய்வது இவ்விழா மலருக்குப் புறம்பான பொருளன்று.

மழையின் கணக்கு

இலங்கையின் வானிலை ஆண்டை நான்கு பருவங்களாக வகுப்பர். மார்ச்சும் ஏப்ரலும் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்றுக் காலம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். குடாநாட்டின் ஆண்டுச் சராசரி மழை 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையாகும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது.

இம்மழை இருவகையாக வருவது. ஐப்பசியில் பிற்பகலில் இடியும் மின்னலுமாகப் பெய்யும் மழை, நிலம் சூடேறுதலால் எழுந்த முகில்களால் உண்டாவது. ஓர் ஊரிற் பெய்து அடுத்த ஊரைத் தவிர்த்துச் செல்லும் இயல்பினது. மற்றையது வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களால் வருவது. ஒரு தாழமுக்கம் எமது கரையை அணுகினால் ஒரு மாத மழை மூன்று நாளிற் கொட்டும். விலகிச் சென்றால் வானம் வெளுத்துவிடும். எனவே எமது மாரி, நாடோறும் சீராகப் பெய்யும் மழையன்று. சில பெருமழைகளின் தொகையே அது. அவற்றுள் ஒன்று தவறினும், ஒன்று மிகினும் ஆண்டின் கணக்கே மாறும்.

மழையை அளக்கும் மில்லிமீற்றர் என்னும் அலகைப் பலர் செய்தியிற் கேட்டும் அதன் பொருளை உணர்வதில்லை. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீற்றர் மழை. ஓர் ஏக்கர் பதினாறு பரப்பாகும். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புக்கு 253 லீற்றரையும், ஓர் ஏக்கருக்கு 4,000 லீற்றருக்குச் சற்று மேலாகவும் தருகின்றது. இக்கணக்கைக் கைக்கொண்டால் மழையை ‘நல்ல மழை’, ‘சிறு தூறல்’ என்று சொல்லுவதோடமையாது, வயலின் வரவுசெலவாக எழுதிப் பார்த்தல் கூடும்.

முன்னோர் வகுத்த ஆயத்தம்

மழையை முந்தி நிலத்தை ஆயத்தப்படுத்துவதே எம் முன்னோர் கண்ட வழி. சித்திரையிற் பெய்யும் சிறுமழையின் ஈரத்தில் வயலை ஒருமுறை உழுது விடுவர். கட்டிகள் வெயிலிற் காய்ந்து உதிரும், களைவேர்கள் உலரும், அடுத்து வரும் நீர் மேலோடிப் போகாது நிலத்துள் இறங்கும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுப் பொன் என்னும் பழமொழி இவ்வுழவின் பயனைக் கூறுவதே. பின்னர் மாட்டுப்பட்டியும் ஆட்டுப்பட்டியும் வயலில் அடைத்து எருவூட்டுவர். பூவரசங்குழை முதலியவற்றைத் தாழ்ப்பர். ஆடியிலும் ஆவணியிலும் மீண்டும் உழுது மண்ணைப் பொடியாக்கி, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரையில் உலர்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்து, மேலாக உழுது மூடிவிடுவர். இதுவே புழுதி விதைப்பு.

இம்முறையின் நுட்பம் யாதெனின், மழை வந்தபின் உழத் தொடங்குவோன் இழக்கும் நாட்களைப் புழுதியில் விதைத்தவன் இழப்பதில்லை. முதற்பெருமழையிலேயே விதை முளைக்கும். கார்த்திகை வெள்ளம் வருமுன் பயிர் நீருக்கு மேல் தலைநிமிர்ந்து நிற்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் வழக்கைத் தமிழ்நாட்டுப் பழமொழியென நாம் அறிவோம்; அது தென்மேற் பருவத்திலும் நீர் பெறும் நிலங்களுக்கு இயைந்தது. அதே மாதம் எமக்கு நிலத்தைப் பண்படுத்தும் மாதமேயாம். விதைப்புக் காலம் என்பது ஏட்டில் எழுதிய பொதுவிதியன்று, ஒவ்வொரு நிலத்தின் மழைக்கும் ஏற்ப அமைந்தது என்பதற்கு இதுவே சான்று.

மற்றுமொரு நுட்பம் விதையினுள்ளேயே இருந்தது. மொட்டைக்கருப்பன், பச்சைப்பெருமாள் முதலிய இனங்களை எம்மவர் போற்றிப் பயிரிட்டனர். பழைய நெல்லினங்கள் பலவும் வயது நீண்டவை. அவற்றுட் சில பகற்பொழுது குறுகும் காலத்தை அறிந்து பூப்பவை. அத்தகைய நெல்லைச் சில வாரம் முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும் பூக்குங் காலம் பெரிதும் மாறுவதில்லை. விதைப்பில் நேர்ந்த தாமதத்தை நெல்லே ஓரளவு திருத்திக்கொண்டது எனலாம். விளைவு குறைவாயினும் நம்பத்தக்கதாயிருந்தது.

மாறியது யாது?

மழையின் மொத்த அளவு குறைந்துவிட்டது என்றே பலர் கருதுவர். அன்று, கமக்காரனை வருத்துவது பெரும்பாலும் மழை வரும் நாளும் வரும் விதமுமே. சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை இங்கு நோக்குவோம்.

2008 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘நிஷா’ என்னும் புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை பெய்தது. ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஒரு பகலும் ஓரிரவும் அடங்கிய காலத்துள் இறங்கியமையை எண்ணிப் பார்க்க. இதற்கு மாறாக, 2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மாரி பொய்த்தது. 2016 இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாயிருந்த இலங்கையின் நெல் விளைவு, 2017 இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. 2020 டிசெம்பர்த் தொடக்கத்தில் ‘புரவி’ப் புயலும், 2024 நவம்பர் இறுதியில் ‘பெங்கல்’ புயலாக வலுத்த தாழமுக்கமும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ப் புயலும் பெருமழை கொணர்ந்தன. வறட்சியும் வெள்ளமும் ஒன்றையொன்று துரத்தும் நிலை இது.

இதற்கான காரணங்களுள் இரண்டை மாணவர் அறிந்திருத்தல் நன்று. முதலாவது, காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்களவிற் கூடும். எனவே பெய்யும்போது மிகுதியாகப் பெய்கின்றது. பெய்யாத நாட்களில் நிலம் விரைந்து உலர்கின்றது. இரண்டாவது, பசிபிக் சமுத்திரத்தின் வெப்பநிலை மாறுதல்கள். ‘எல் நினோ’ ஆண்டுகளில் எமது ஒக்டோபர்–டிசெம்பர் மழை மிகுவதும், ‘லா நினா’ ஆண்டுகளிற் குறைவதும் பொதுவான போக்காகும். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும் வெப்பத்தில் மாறுபடுதலும் இம்மழையைப் பாதிக்கும். 2016 இல் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பகுதி வழமையிலும் வெப்பமுற்றிருந்தது. அவ்வாண்டின் வறட்சிக்கு அதுவும் ஒரு காரணம். இவை போக்குகளேயன்றி உறுதிகள் அல்ல. ஆயினும் விதைப்புக்கு ஓரிரு மாதங்களின் முன்னரே அறியக்கூடியவை. ஆதலின், பஞ்சாங்கத்தில் இவ்வாண்டு எத்தனை மரக்கால் மழை என்று பார்க்கும் கமக்காரன், வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் பருவகால முன்னறிவிப்பையும் உடன்வைத்துப் பார்த்தல் பயனுடைத்து.

முளைத்தபின் வரும் உலர்வு

புழுதி விதைப்புக்கு இன்று நேரும் பெருங்கேடு மழை வராமையன்று; சிறிது வந்து நின்றுவிடுதலே. விதை உலர்ந்த மண்ணிற் பல நாட் கிடந்தாலும் பெரும்பாலும் கெடுவதில்லை. எறும்பும் பறவையும் கவர்வது போக எஞ்சியது காத்திருக்கும். பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் மேலிருந்து ஏறத்தாழ இரண்டு அங்குல மண் நனையும். அதுவே முளைப்பதற்குப் போதுமானது. ஆனால் முளைத்த பயிரின் வேர் கீழே இறங்குதற்கு ஈரம் அங்கு இல்லை. பத்து நாள் வெயில் எறித்தால் முளை கருகும். காத்திருந்த விதை பிழைக்கும். முளைத்த விதை மாளும். அதன்பின் மீண்டும் விதைநெல் தேட வேண்டும். மீண்டும் உழவுயந்திரக் கூலி கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது நாற்பது கிலோகிராம் அளவு, என்பதே விதைப்புக்குச் சிபாரிசு செய்யப்படும் அளவு. ஐயத்தால் அதனிலும் கூட விதைப்போர் பலர். அவர்கள் இழப்பதும் அவ்வளவுக்குக் கூடுதலாம்.

இக்கேட்டைத் தவிர்க்க மூன்று வழிகள் உள. ஒன்று, விதையை மேலோட்டமாக விடாது ஏறத்தாழ ஒன்றரை அங்குல ஆழத்தில் மூடுதல். சிறுமழை அவ்வாழத்தை நன்கு நனையாது. பெருமழையே விதையை எழுப்பும். இரண்டு அங்குலத்துக்கு மேற் போனால் இக்காலக் குட்டை நெல்லினங்கள் மண்ணைத் துளைத்து வெளிவர இயலாது இடர்ப்படும் என்பதையும் மறத்தலாகாது. இரண்டு, முழுவயலையும் ஒரே நாளிற் புழுதியில் விதையாது ஒரு பகுதியை நிறுத்தி வைத்தல். மூன்று, நிறுத்திய பகுதியை நாளைப் பார்த்தன்றி நிலத்தைப் பார்த்து விதைத்தல்.

நிலத்தைப் பார்த்தல் என்பது யாது? நேர்ச்சுவருள்ள ஒரு வெறும் பேணியைத் திறந்த வெளியில், மரநிழலும் கூரையும் மறையாத இடத்தில், ஆடாது நிறுத்தி வைக்க. காலைதோறும் அதனுள் நின்ற நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து எழுதுக. பேணியின் வாய் அகலமோ ஒடுக்கமோ கணக்கு ஒன்றே. மூன்று நான்கு நாட்களிற் கூட்டுத்தொகை முப்பது நாற்பது மில்லிமீற்றரை எட்டியதும் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பார்க்க. அடிமண்ணைக் கையிற் பிடித்தால் உதிராது உருண்டையாக நின்றால் ஈரம் வேருக்குப் போதுமானது. அதனோடு அடுத்துவரும் வாரத்துக்குரிய வானிலை அறிவித்தலையும் கேட்க. பேணியும் மண்ணும் அறிவித்தலும் ஆகிய மூன்றும் ஒத்து நின்றால் விதைக்கலாம். ஒன்று மாத்திரம் சொன்னால் பொறுத்தல் நலம்.

நெல்லின் வயதுக் கணக்கு

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை நெல்லின் வயதே தீர்மானிக்கின்றது. பத்தலகொடையிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1958 இல் ‘எச் 4’ என்னும் கலப்பின நெல்லை வெளியிட்டது. அதன்பின் வந்த பல இனங்களின் பெயரிலேயே வயது குறிக்கப்பட்டுள்ளது. ‘பி.ஜி.’ என்பது பத்தலகொடையையும், ‘ஏ.ரி.’ என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். பி.ஜி. 250 இரண்டரை மாத நெல், பி.ஜி. 300 மூன்று மாத நெல், ஏ.ரி. 362 மூன்றரை மாத நெல். எண்ணின் முதலிரு இலக்கங்களுக்கிடையில் ஒரு புள்ளியிட்டு வாசித்தால் பெரும்பாலும் வயது தோன்றும் வண்ணம் அவ்வெண்கள் அமைந்துள்ளன.

எந்த இனமாயினும் பூத்தபின் முற்றுதற்கு ஏறத்தாழ முப்பது நாள் செல்லும். அதற்கு முன் கதிர் உருவாகிப் பூக்கும் வரையும் ஏறத்தாழ முப்பது முதல் முப்பத்தைந்து நாள். இவ்விரு கூறுகளும் பெரிதும் வேறுபடுவதில்லை. வயதின் வேறுபாடெல்லாம் அதற்கு முன்னுள்ள, பயிர் மட்டம் வெடித்து வளரும் பருவத்திலேயே உள்ளது. கதிர் உருவாகும் காலம் தொட்டுப் பூக்கும் வரையுமே நெல் நீருக்கு மிகவும் ஏங்கும் காலம். ஆகவே ‘எப்பொழுது விதைப்பது’ என்று மாத்திரம் கேளாது, ‘எப்பொழுது பூக்கும், அப்பொழுது நீர் நிற்குமா’ என்று கேட்பதே முறை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்றரை மாத நெல் ஒக்டோபர் 10 இல் முளைத்தால் டிசெம்பர் 24 அளவிற் பூத்து, ஜனவரி 23 அளவில் முற்றும். அது நல்ல பருவம். தைப்பூசத்தில் புதிர் எடுக்கவும் பெரும்பாலும் இயலும். அதே நெல் மழை பிந்தி நவம்பர் 5 இல் முளைத்தால் ஜனவரி 19 அளவிலேதான் பூக்கும். மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும் காலம் அது. அந்நிலையில் மூன்று மாத நெல்லை விதைத்திருந்தால் ஜனவரி 4 அளவிற் பூத்துப் பெப்ரவரி 3 இல் முற்றும். பதினைந்து நாள் முந்துதல் ஒரு போகத்தைக் காத்தற்குப் போதியதாகலாம். இரண்டரை மாத நெல் இதனிலும் முந்தும். ஆயினும் வயது குறையக் குறைய விளைவும் ஓரளவு குறைதல் இயல்பு.

இதனால் பெறப்படுவது யாதெனின், கமக்காரன் ஒருவகை விதையை மாத்திரம் வீட்டில் வைத்திருத்தல் இனிப் போதாது. மூன்றரை மாத நெல்லோடு மூன்று மாத நெல்லும் சில புசல் கைவசம் இருத்தல் வேண்டும். ஐப்பசி பாதி கழிந்தும் நிலம் நனையாவிடின் எவ்வகைத் தயக்கமுமின்றி வயது குறைந்த விதைக்கு மாறுதல் வேண்டும். கடனீரேரியை அடுத்த உவர் வயல்களுக்கு ஏ.ரி. 354, ஏ.ரி. 401 போன்ற உவர் தாங்கும் இனங்கள் உள. அவ்வயல்களில் முதல் மழை உப்பைக் கழுவி இறக்கும்வரை பொறுத்து விதைத்தலும் உகந்தது.

மேடும் பள்ளமும்

வயலைப் பகுத்து விதைத்தல் என்றோம். எவ்வாறு பகுப்பது? ஒவ்வொரு வெளியிலும் மேட்டு வயலும் பள்ள வயலும் உண்டு. பள்ள வயலுக்குப் பகை வெள்ளம். மேட்டு வயலுக்குப் பகை உலர்வு. பள்ளத்தில் பயிர் நவம்பர் வெள்ளத்துக்கு முன் உயர்ந்து நிற்றல் வேண்டும். ஆதலால் அங்கே புழுதியில் முந்தி விதைத்தலே தகும். அங்கு ஈரமும் நெடுநாள் தங்குமாகையால் வயது கூடிய நெல் பொருந்தும். மேட்டில் வெள்ளத்தின் அச்சம் இல்லை. நீர் முந்தி வடியும். ஆகவே நிலம் நன்கு நனைந்தபின், வயது குறைந்த நெல்லை விதைத்தல் நலம். எம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தனர். உழவுயந்திரம் வாடகைக்கு வந்த நாளில் ஒரே மூச்சில் மேடும் பள்ளமும் உழுது விதைக்கும் வழக்கம் வந்தபின்னரே அது தளர்ந்தது. அதனை மீட்டெடுத்தல் புதுமையன்று.

விதையும் நாற்றும்

விதைநெல்லைப் பரிசோதித்தல் செலவில்லாத வேலை. நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்குத் துண்டில் மடித்து வைத்து, ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுக. எண்பத்தைந்துக்குக் குறையாது முளைத்தால் அது நல்ல விதை. குறைந்தால், அக்குறையை ஈடுசெய்ய அள்ளி இறைப்பதிலும் வேறு விதை தேடுவதே மேல். நனைந்த நிலத்தில் விதைக்கும்போது விதையைப் பன்னிரண்டு மணிநேரம் நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு விரையும். புழுதியிற் காத்திருக்க வேண்டிய விதையை அவ்வாறு ஊறவைத்தல் ஆகாது.

குடாநாட்டுக்குரிய வசதி ஒன்று கிணறு. வயல் முழுவதற்கும் கிணற்று நீர் இறைத்தல் இயலாது; ஆனால் ஒரு பரப்பு நாற்றுமேடைக்கு இறைக்கலாம். ஒரு பரப்பு நாற்று ஏறத்தாழப் பத்துப் பரப்பு நடுகைக்குப் போதும். புழுதியில் விதைத்த பகுதி கருகினாலும் வெள்ளத்தில் அழுகினாலும் அந்நாற்றால் வெற்றிடம் நிரப்பலாம். மூன்று மாத நெல்லின் நாற்று மூன்று வாரத்தை மீறி மேடையில் நிற்றல் விளைவைக் குறைக்குமாதலால், மேடையையும் ஒரே நாளில் இடாது இரு தவணையாக இடுதல் புத்தி.

வரப்பும் வாய்க்காலும்

மழை மிகையாகவும் குறைவாகவும் வருங்காலத்தில் வரப்பே களஞ்சியம். ஆறு அங்குல நீரைத் தாங்கும் வரப்பு ஒரு பரப்பில் ஏறத்தாழ 38,000 லீற்றரைத் தேக்கும். வளர்ந்த நெல் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் நீரைக் கொள்ளும். ஒரு பகுதி நிலத்தடிக்குக் கசியும். அக்கசிவும் வீணன்று, சுண்ணக்கல் அடுக்கினூடே இறங்கி எமது கிணறுகளுக்கு நீராகின்றது. ஆகவே வயலின் வரப்பைப் புரட்டாதியிலேயே கட்டி நண்டுவளை அடைத்து வைப்பவன் தன் பயிரை மாத்திரமன்றி அயலவரின் குடிநீரையும் காப்பவனாவான்.

வடிகாலும் அவ்வாறே. வாய்க்காலில் மண்ணும் புதரும் அடைந்து, மதகின் முன் குப்பை தேங்கி, வெள்ள வாய்க்காலை மதில் கட்டி ஒடுக்கிய இடங்களில் மூன்று நாளில் வடிய வேண்டிய நீர் பத்து நாள் நிற்கும். நெற்பயிர் மூன்று நாள் மூழ்கியும் பிழைக்கலாம். பத்து நாள் மூழ்கிப் பிழைத்தல் அரிது. குளங்களைத் தூர்வாரித் துரிசைத் திருத்துதலும் ஆவணிக்கு முன் முடிய வேண்டிய பணி.

ஒருவன் தனித்துச் செய்ய இயலாதது

இதுகாறும் கூறியவற்றிற் சில ஒருவனால் ஆவன. ஆயின் விதைப்பைப் பகுத்தலில் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒருவன் மாத்திரம் பிந்தி விதைத்தால் அயலார் அறுவடை செய்தபின் பறவைகளும் பூச்சிகளும் அவன் வயலிலேயே கூடும். கட்டாக்காலி மாடுகள் திறந்த வெளியில் இறங்கும். இரண்டு பரப்புக்காக அறுவடை இயந்திரம் மீண்டும் வராது. தனித்து நிற்பவன் மழையிலிருந்து தப்பி மாட்டுக்கு இரையாவான். ஆதலால் வெளி முழுவதும் ஒன்றாக அமர்ந்து, பள்ளத்துக்கு இன்ன நெல், இன்ன வாரம். மேட்டுக்கு இன்ன நெல், இன்ன நிபந்தனை. மாடுகளைக் கட்டவிழ்க்கும் நாள் இது என்று தீர்மானித்தல் இன்றியமையாதது.

இதற்கான மன்றங்கள் எம்மிடையே இல்லாமலில்லை. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. போகத் தொடக்கத்திற் பயிர்ச்செய்கைக் கூட்டமும் நடைபெறும். அக்கூட்டத்தில் உரமானியமே பேசப்பட்டு, விதைப்பு வாரம் ஓரிரு வார்த்தையில் முடிவதுண்டு. அது தலைகீழாதல் வேண்டும். உலர்வலயக் குளக்கிராமங்களிற் சிங்களத்தில் ‘பெத்ம’ எனப்படும் பழைய வழக்கமொன்று உண்டு. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாதபோது, நீர் எட்டும் பகுதியை மாத்திரம் செய்கைபண்ணி, தூரத்து வயற்காரருக்கும் அதிற் பங்கு கொடுப்பர். வயல் எவருடையதாயினும் அவ்வாண்டின் நட்டம் ஊராருக்குப் பொது என்பதே அதன் அடிப்படை. நீரைப் பகிர்ந்த அவ்வறிவை, நிச்சயமின்மையைப் பகிரவும் நாம் பயன்படுத்தலாம்.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

இனி, கல்லூரியால் ஆவது யாது? மழையளவு ஊருக்கூர் மாறுபடும் எம் நாட்டில், நகரத்து நிலையம் ஒன்றின் அளவு எல்லா வெளிக்கும் பொருந்தாது. மாணவர் தத்தம் ஊரில் ஒரு பேணியையும் அடிமட்டத்தையும் கொண்டு காலைதோறும் மழையை அளந்து, முளைத்த நாளையும் பூத்த நாளையும் உடன் குறித்து, ஒரு பதிவேட்டிற் சேர்ப்பாராயின் பத்து ஆண்டுகளில் வேறெங்குமில்லாத ஓர் ஏடு உருவாகும். கணிதம் பயில்வோர்க்கு அதிற் சராசரியும் விலகலும் உண்டு. புவியியல் பயில்வோர்க்குப் பருவக்காற்று உண்டு. விவசாயம் பயில்வோர்க்கு நெல்லின் வயது உண்டு. தந்தையும் பாட்டனும் கண்டறிந்த மழைக்குறிகளை அதே ஏட்டில் எழுதி, அவை எத்தனை ஆண்டு பலித்தன என்று எண்ணிப் பார்த்தலும் தகும். பலித்தவற்றைப் போற்றலாம், பலியாதவற்றை மரியாதையுடன் விடலாம்.

கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர்களுக்குச் சொந்தமான வயல்கள் பல இன்றும் ஊரில் உள. அவற்றின் வரப்பு கட்டப்பட்டுள்ளதா, வாய்க்கால் அடைபட்டுள்ளதா என்று விசாரித்தல் அவர்தம் கடன். தரிசாய்க் கிடக்கும் ஒரு வயலின் உடைந்த வரப்பு அயலவன் பயிருக்கு வெள்ளம் கொணரும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

மழையின் நாளைக் குறிக்க எவராலும் இயலாது. ஆனால் எந்நாளில் வரினும் அதனை ஏற்கும் வண்ணம் நிலத்தையும், விதையையும், ஊரையும் ஆயத்தமாக வைத்திருத்தல் இயலும். முன்னோர் ஒரு நாளை அறிந்து விதைத்தனர். நாம் பல நாட்களுக்கு ஆயத்தமாயிருந்து விதைத்தல் வேண்டும். வரும் புரட்டாதிக்கு முன் ஒவ்வொரு வெளியிலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு வீட்டிலும் இருவகை விதை, ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு பேணி என்னும் இவ்வளவேனும் நிறைவேறுமாயின், இவ்வாராய்ச்சி பயனுடையதாயிற்று என நாம் மகிழ்வோம்.